கூட்டுத்தொகை மட்டும் போதாது

நாற்பது ரசீதுகளைக் கூட்டித் தொகை சொன்ன கணக்குப்பிள்ளையிடம் முதலாளி "இது எப்படி வந்தது?" என்று கேட்கிறார். சாதாரண கால்குலேட்டரில் கூட்டியவருக்கு ஒரே வழிதான் உண்டு. மறுபடி முதல் ரசீதிலிருந்து தொடங்க வேண்டும். இரண்டாம் முறை வேறு தொகை வந்தால் மூன்றாம் முறையும் கூட்ட வேண்டும். மூன்றும் மூன்று விதமாக வந்தால், எது சரி என்று சொல்ல அந்தக் கருவியிடம் தடயம் ஏதுமில்லை. அதன் திரையில் இருப்பது கடைசி விடை மட்டுமே. அதுவும் அடுத்த பொத்தானை அழுத்தும் வரைதான்.

அதே மேசையில் ஒரு பிரிண்டிங் கால்குலேட்டர் இருந்திருந்தால் முதலாளியின் கேள்விக்குக் காகிதச் சுருளே பதில் சொல்லியிருக்கும். அழுத்திய ஒவ்வொரு தொகையும் அழுத்திய வரிசையிலேயே அதில் அச்சாகியிருக்கும். கூட்டியது எது, கழித்தது எது, எங்கே நிறுத்தி இடைத்தொகை பார்த்தார்கள் என்பதெல்லாம் அந்த இரண்டு அங்குலச் சொச்சம் அகலக் காகிதத்தில் தெரியும். சில ஆயிரம் ரூபாய்க்குக் கிடைக்கும் இந்தக் கருவியைப் பல கடைகளும் அலுவலகங்களும் பழங்காலப் பொருளென்று பரண்மேல் போட்டுவிட்டன. கைப்பேசி இருக்கிறது, டேலி கணக்கு மென்பொருள் இருக்கிறது, இனி இது எதற்கு என்பது அவர்கள் வாதம். அந்த வாதம் தவறு. பிறருக்கு விடை சொல்லக் கடமைப்பட்ட எவரும், விடையோடு சேர்த்து அதன் வழியையும் கையில் வைத்திருக்க வேண்டும். அதற்கு இதைவிட எளிய கருவி இன்றுவரை வரவில்லை.

கணக்கிடும் இயந்திரத்துக்கு அச்சும் வேண்டும் என்ற எண்ணம் பிழையைத் தடுக்கும் தேவையிலிருந்தே பிறந்தது. பிரெஞ்சு நாட்டின் பாஸ்கல், வரி அதிகாரியாக இருந்த தந்தைக்கு உதவ 1642-இல் கூட்டல் இயந்திரம் செய்யத் தொடங்கினார். அது விடையைக் காட்டியதோடு சரி. பத்தொன்பதாம் நூற்றாண்டில் இங்கிலாந்தின் சார்லஸ் பாபேஜ் தம் இயந்திரம் அச்சும் செய்ய வேண்டும் என்று பிடிவாதமாக நின்றதற்குக் காரணம், கணக்கில் நேர்ந்த பிழைகளுக்குச் சமமாக, விடையைக் கையால் பெயர்த்தெழுதும்போதும் அச்சுக் கோக்கும்போதும் பிழைகள் நுழைந்துகொண்டிருந்ததுதான். அவர் வரைந்த இரண்டாம் இயந்திரத்தை லண்டன் அறிவியல் அருங்காட்சியகம் 1991-இல் கட்டி ஓட்டிக் காட்டியது. அதன் அச்சுப் பகுதி முடிய 2002 ஆயிற்று.

கடைக்கும் வங்கிக்கும் இதைக் கொண்டுவந்து சேர்த்தவர் ஒரு வங்கி எழுத்தர். அமெரிக்காவின் நியூயார்க் மாநிலத்தில் 1857-இல் பிறந்த வில்லியம் சீவர்ட் பரோஸ், ஆபர்ன் நகரத்து வங்கியில் நாள் முழுதும் பேரேட்டுப் பக்கங்களைக் கூட்டிக்கொண்டிருந்தவர். கூட்டுவதில் பாதி நேரமும் கூட்டியதில் பிழை தேடுவதில் மீதி நேரமும் போகும் வேலை அது. உடல்நிலை கெட்டு வேலையை விட்டவர், செயின்ட் லூயிஸ் நகரத்துக்குப் போய் அச்சிடும் கூட்டல் இயந்திரம் செய்ய முனைந்தார். 1885-இல் காப்புரிமைக்கு விண்ணப்பித்தார். 1888 ஆகஸ்டில் அது கிடைத்தது. ஆனால் முதல் இயந்திரங்கள் தோற்றன. கைப்பிடியை ஒருவர் வேகமாக இழுத்தால் ஒரு விடை, மெதுவாக இழுத்தால் இன்னொரு விடை. எண்ணெய் நிரப்பிய சிறு உருளை ஒன்றை உள்ளே பொருத்தி, யார் எப்படி இழுத்தாலும் உறுப்புகள் ஒரே சீராக நகரும்படி அவர் செய்த பிறகே வங்கிகள் நம்பி வாங்கின. காசநோயால் 1898-இல் அவர் இறந்தார். அவர் தொடங்கிய நிறுவனத்துக்கு 1905-இல் அவர் பெயரே சூட்டப்பட்டது. 1986-இல் அது ஸ்பெர்ரி நிறுவனத்தோடு இணைந்து யுனிசிஸ் ஆயிற்று.

மின்னணுக் காலத்திலும் அச்சு விடவில்லை. 1964 டோக்கியோ ஒலிம்பிக் போட்டிகளுக்காக நேரத்தை அச்சிடும் கருவியைச் செய்த ஜப்பானின் செய்க்கோ குழுமம், அந்த அனுபவத்தில் 1968-இல் கையடக்கமான சிறு அச்சுப்பொறி ஒன்றை வெளியிட்டது. அதன் பெயர் ஈ.பி.-101. கால்குலேட்டர் செய்வோர் அதை வாங்கித் தம் கருவிகளில் பொருத்தினர். இன்று உலகம் முழுதும் வீட்டுக்கு வீடு தெரிந்த எப்சன் என்ற பெயர் அந்த ஈ.பி.யின் வழித்தோன்றல் என்ற பொருளில் பின்னால் வைக்கப்பட்டதுதான்.

கருவியின் பொத்தான்களில் ஒரு பழக்கம் புதியவரைத் தடுமாற வைக்கும். சாதாரண கால்குலேட்டரில் ஐந்நூறு, கழித்தல், இருநூறு, சமம் என்று அழுத்துகிறோம். பிரிண்டிங் கால்குலேட்டர் பெரும்பாலும் பழைய கூட்டல் இயந்திரத்தின் முறையில் நடக்கும். தொகையை முதலில் அழுத்த வேண்டும், அது வரவா கழிவா என்பதை அதன் பின்னால் சொல்ல வேண்டும். 500, கூட்டல், 200, கழித்தல், பிறகு மொத்தம். இது தெரியாமல் பழைய பழக்கத்தில் அழுத்தி, விடை தவறாக வருகிறதென்று கருவியைத் திருப்பிக் கொடுப்பவர்கள் உண்டு. ஒரு நாள் பழகினால் இந்த முறைதான் கணக்கு எழுதுவோருக்கு இயல்பானது என்பது புரிந்துவிடும். ரசீது கைக்கு வருகிறது, தொகை கண்ணில் படுகிறது, பிறகுதான் அது வரவா செலவா என்று முடிவாகிறது. விரலும் அதே வரிசையில் போகிறது.

அச்சான சுருளை வாசிக்கக் கற்றுக்கொள்வது அதைவிட முக்கியம். பல மாடல்களில் மொத்தத்துக்குப் பக்கத்தில் நட்சத்திரக் குறி விழும். இடைத்தொகைக்குச் சாய்சதுரம். கணக்கில் சேராமல் தேதியையோ பில் எண்ணையோ மட்டும் அச்சிட ஒரு தனிப் பொத்தான் உண்டு. அதற்கு வேலிக்குறி விழும். கூட்டலைத் தொடங்கும் முன் தேதியை இப்படி அச்சிட்டுக்கொள்ளாத சுருள் பாதிச் சுருள்தான். ஆறு மாதம் கழித்து எடுத்துப் பார்த்தால் அது எந்த நாளின் கணக்கென்று யாருக்கும் தெரியாது. இருநிற மை உருளை உள்ள கருவிகளில் கழிவுத் தொகைகள் சிவப்பில் விழும். நீண்ட சுருளில் கழித்தல் எங்கெல்லாம் நடந்தது என்று கண்ணை ஓட்டியவுடன் தெரியும்.

எண்களின் அடுக்கும் கவனிக்க வேண்டியது. கால்குலேட்டரில் 7, 8, 9 மேல் வரிசையில் இருக்கும். அமெரிக்காவின் சண்ட்ஸ்ட்ராண்ட் கூட்டல் இயந்திரம் 1914 வாக்கில் இந்த அடுக்கைப் பரப்பியது. தொலைபேசியில் 1, 2, 3 மேலே இருக்கும். 1960-இல் பெல் ஆய்வகத்தார் பல அடுக்குகளைச் சோதித்து அதைத் தேர்ந்தார்கள். கால்குலேட்டரின் நடுவில் உள்ள 5-இன் மேல் சிறு மேடு இருப்பதால், பழகிய கை கீழே பார்க்காமலே அழுத்தும். கண் ரசீதை விட்டு நகராது. கைப்பேசித் திரையில் இது நடக்காது. கண்ணாடிப் பரப்பில் விரலுக்குத் தடம் கிடையாது. ஒவ்வொரு எண்ணுக்கும் கண் ரசீதுக்கும் திரைக்கும் போய் வருகிறது. அந்தப் போக்குவரத்தில்தான் ஒரு ரசீது விடுபடுவதும் ஒன்று இருமுறை சேர்வதும் நடக்கிறது.

பற்று, வரவு மொத்தங்களை ஒப்பிடும் இருப்பாய்வு பொருந்தாமல் இரவு நீளும்போது சுருளின் அருமை தெரியும். அனுபவமுள்ள கணக்கர்கள் முதலில் வித்தியாசத் தொகையைப் பார்ப்பார்கள். அது 9-ஆல் மீதியின்றி வகுபட்டால் எண்கள் இடம் மாறியிருக்கின்றனவா என்று தேடுவார்கள். 4,560-ஐ 4,650 என்று அழுத்தினால் வித்தியாசம் 90. ஒரு சுழி விடுபட்டாலும் இதே அடையாளம்தான். 1,200-ஐ 120 என்று அழுத்தினால் வித்தியாசம் 1,080, அதுவும் 9-இன் மடங்கு. வரவில் போட வேண்டிய 375 செலவில் விழுந்தால் வித்தியாசம் 750 ஆக இருக்கும், ஆகவே வித்தியாசத்தில் பாதியைத் தேடுவார்கள். ஆனால் எதைத் தேடுவது என்று தெரிந்தால் மட்டும் போதாது. எங்கே தேடுவது? சுருள் இருந்தால் 120 என்ற தொகை எந்த வரியில் இருக்கிறதென்று சில நொடிகளில் கண்டு, அந்த ரசீதை எடுத்துப் பார்த்துவிடலாம். சுருள் இல்லாவிட்டால் மொத்தக் கட்டையும் பிரிக்க வேண்டும். பல அலுவலகங்களில் அந்தச் சலிப்புதான் வித்தியாசத்தை அனாமத்துக் கணக்கில் போட்டு மூடி வைக்கத் தூண்டுகிறது.

இதைவிட ஆபத்தானது ஈடுசெய் பிழை. ஓரிடத்தில் நூறு கூடி இன்னோரிடத்தில் நூறு குறைந்தால் மொத்தம் அழகாகப் பொருந்திவிடும். இதை எந்த இருப்பாய்வும் காட்டிக்கொடுக்காது. ஒருவர் சுருளை வாசிக்க, மற்றவர் ரசீதுகளில் டிக் அடித்துக்கொண்டே போகும் பழைய வழக்கம்தான் இதைப் பிடிக்கும். எத்தனை தொகைகள் அழுத்தப்பட்டன என்று எண்ணிக் காட்டும் வசதியும் பல கருவிகளில் இருக்கிறது. கையில் 46 ரசீதுகள், கருவி சொல்வது 45 என்றால், தொகையைப் பார்க்கும் முன்பே ஒன்று விடுபட்டது தெரிந்துவிடும்.

"இதெல்லாம் டேலி செய்யாதா?" என்ற கேள்வி நியாயமானது. மென்பொருள் கூட்டலில் தவறாது. ஆனால் அதற்குள் எண்களை ஏற்றுவது மனிதக் கைதான். ஏற்றும்போது நேர்ந்த தவறை அது பிழையில்லாமல் கூட்டித் தரும். அமெரிக்காவின் ஃபிடலிட்டி நிறுவனத்தில் 1994-இல் நடந்தது இதற்குச் சரியான உதாரணம். அதன் புகழ்பெற்ற மாஜெலன் நிதியத்தின் பங்காதாயத்தை மதிப்பிடும்போது, 130 கோடி டாலர் நிகர நட்டத்தை வேறொரு விரிதாளுக்குப் பெயர்த்தெழுதிய கணக்கர், அதன் முன்னிருந்த கழித்தல் குறியை விட்டுவிட்டார். நட்டம் லாபமாயிற்று. மதிப்பீடு 260 கோடி டாலர் பிசகியது. பங்கு ஒன்றுக்கு 4.32 டாலர் தரப்படும் என்று முன்பு மதிப்பிட்டுச் சொன்ன நிறுவனம், அந்த ஆண்டு எதுவும் கிடையாது என்று அறிவிக்க வேண்டியதாயிற்று. மூலக் கணக்குகள் சரியாகவே இருந்தன. ஒரு இடத்திலிருந்து இன்னொரு இடத்துக்குத் தொகை போகும் வழியில்தான் தவறு நுழைந்தது.

பொருளியலாளர்கள் கார்மென் ரைன்ஹார்ட், கென்னத் ரோகாஃப் 2010-இல் வெளியிட்ட கடன் பற்றிய ஆய்வுக் கட்டுரையிலும் இதேபோல் ஒன்று நடந்தது. சராசரி எடுக்கும் சூத்திரத்தில் 20 நாடுகளில் 5 நாடுகளின் வரிசைகள் விடுபட்டிருந்தன. 2013-இல் தாமஸ் ஹெர்ண்டன் என்ற ஆய்வு மாணவர் மூல விரிதாளைக் கேட்டு வாங்கிப் பார்த்தபோதுதான் அது வெளிவந்தது. அந்தக் கட்டுரையின் மீது வேறு விமர்சனங்களும் உண்டு. ஆனாலும் மூன்றாண்டுகள் உலகமே மேற்கோள் காட்டிய ஒரு முடிவில், எந்தெந்த எண்கள் சேர்க்கப்பட்டன என்பதை யாரும் கண்ணால் பார்த்திருக்கவில்லை. சூத்திரம் கட்டத்துக்குள் மறைந்திருந்தது, விடை மட்டுமே வெளியே தெரிந்தது.

பிரிட்டன் அஞ்சல் துறையில் நடந்ததோ மனித உயிர்களின் கதை. 1999 முதல் அங்கே கிளை அஞ்சலகங்களில் ஹொரைசன் என்ற கணினிக் கணக்கு முறை வந்தது. கையிருப்பில் பணம் குறைகிறதென்று அது காட்டிய தொகைகளை நம்பி, கிளை நடத்தியவர்கள்மேல் திருட்டு வழக்குகள் போடப்பட்டன. 2015 வரை 900-க்கும் மேற்பட்டோர் தண்டிக்கப்பட்டனர். பலர் சிறைக்குப் போனார்கள், பலர் வீட்டை விற்று இல்லாத கடனைக் கட்டினார்கள். மென்பொருளில் கோளாறுகள் இருந்தன என்று 2019 டிசம்பரில் லண்டன் உயர் நீதிமன்றம் தீர்ப்பளித்தது. 2024-இல் தனிச் சட்டம் இயற்றித் தண்டனைகள் நீக்கப்பட்டன. மேசைக் கால்குலேட்டர் அவர்களைக் காப்பாற்றியிருக்கும் என்று சொல்ல முடியாது. ஆனால் அவர்கள் ஓயாமல் கேட்ட கேள்வி, இந்தத் தொகை எப்படி வந்தது என்பதுதான். அந்தக் கேள்விக்கு விடை காண்பதற்கான வழி அவர்கள் கைக்கு எட்டாத இடத்தில் இருந்தது. தொகைக்குப் பொறுப்பேற்பவர் ஒருவர், அது உருவான வழியைப் பார்க்கும் உரிமை வேறொருவருக்கு என்ற ஏற்பாடு எந்த நாட்டில் இருந்தாலும் அநீதிதான்.

இந்தியச் சட்டமும் இந்தத் திசையில்தான் நகர்ந்திருக்கிறது. 2023 ஏப்ரல் 1 முதல், கணக்கு மென்பொருள் பயன்படுத்தும் ஒவ்வொரு கம்பெனியும், எந்தப் பதிவு எப்போது மாற்றப்பட்டது என்ற தடத்தை அழிக்க முடியாதபடி வைத்திருக்கும் மென்பொருளையே பயன்படுத்த வேண்டும். மாற்றியதை மறைக்கக் கூடாது, வழி தெரிய வேண்டும் என்பதே அதன் சாரம். கம்பெனியாகப் பதிவு செய்யாத தனிநபர் கடைக்கோ கூட்டாண்மைக்கோ இந்த விதி பொருந்தாது. ஆனால் ஜி.எஸ்.டி.யில் பதிவு செய்திருந்தால் அவர்களும் அந்தச் சட்டப்படி கணக்குப் புத்தகங்களை, அந்த ஆண்டுக்கான ஆண்டு அறிக்கை தாக்கல் செய்ய வேண்டிய கடைசி நாளிலிருந்து 72 மாதங்கள் காக்க வேண்டும். சுருள் ஒரு கணக்குப் புத்தகமல்ல, அதை வைத்திருக்கும்படி எந்தச் சட்டமும் சொல்லவில்லை. இருந்தாலும் ஐந்து ஆண்டு கழித்து ஓர் அதிகாரி ஒரு மொத்தத் தொகையைச் சுட்டிக் கேட்கும்போது, ரசீதுக் கட்டோடு குத்தி வைத்த சுருள் எவ்வளவு பேச்சைக் குறைக்கும் என்பது கேள்வியை எதிர்கொண்டவர்களுக்குத் தெரியும்.

வரிக் கணக்கிலும் இந்தக் கருவி ஒரு பரவலான தவறைத் தடுக்கிறது. வரி உள்ளடங்கிய விலை 1,180 ரூபாய், வரி 18 சதவீதம். வரியில்லாத விலை என்ன? 1,180-இல் 18 சதவீதமாகிய 212.40-ஐக் கழித்து 967.60 என்று எழுதுபவர்கள் இன்றும் இருக்கிறார்கள். சரியான விடை 1,000. வரி நீக்கும் பொத்தான் இதைச் சரியாகச் செய்து, வரித்தொகை 180 என்பதையும் தனி வரியில் அச்சிடும். லாப விகிதத்திலும் இப்படித்தான். 800 ரூபாய்க்கு வாங்கிய பொருளில் விற்பனை விலையின்மேல் 20 சதவீதம் லாபம் வேண்டுமென்றால் விலை 1,000. வாங்கிய விலையோடு 20 சதவீதம் சேர்த்து 960-க்கு விற்பவருக்குக் கிடைப்பது விற்பனை விலையில் ஆறில் ஒரு பங்குதான். இதற்கென்றே தனிப் பொத்தான் வைத்திருக்கும் கருவிகள் உண்டு. ஒரு எச்சரிக்கையும் தேவை. கருவி தன் நினைவிலுள்ள வரி விகிதத்தைத் தானாக மாற்றிக்கொள்ளாது. 2025 செப்டம்பர் 22 முதல் 12, 28 சதவீத அடுக்குகளில் இருந்த பெரும்பாலான பொருள்கள் 5, 18 சதவீதத்துக்கு மாறின. கையால் விகிதத்தைத் திருத்தாதவர் கருவியில் பழைய வரிதான் வந்துகொண்டிருக்கும். நல்லவேளை, அச்சில் வரித்தொகை தனியே விழுவதால் அந்தத் தவறு கண்ணில் படும்.

வாங்குவோர் காகிதத்தில்தான் ஏமாறுகிறார்கள். கருவிகள் இரு வகை. மை உருளையால் சாதாரணக் காகிதத்தில் அச்சிடுபவை ஒன்று, சூட்டினால் அச்சிடும் தெர்மல் வகை இன்னொன்று. தெர்மல் சத்தமில்லாதது, வேகமானது. ஆனால் வெயிலிலும் சூட்டிலும் எழுத்து மங்கும், பிளாஸ்டிக் உறையில் போட்டாலும் மங்கலாம். ஏ.டி.எம். ரசீது சில மாதங்களில் வெள்ளைத் தாளாகிவிடுவதை எல்லோரும் பார்த்திருக்கிறோம். 72 மாதக் கணக்குக்கு அது உதவாது. நகத்தால் கீறினால் கறுப்புக் கோடு விழுந்தால் அது தெர்மல் காகிதம். வணிகக் கணக்குக்கு மை உருளை வகையே ஏற்றது, கொஞ்சம் கடகடவென்று சத்தம் போட்டாலும் சரி. இலக்கங்களை 12,34,567 என்று லட்சம், கோடி முறையில் பிரிக்கிறதா, 1,234,567 என்று வெளிநாட்டு முறையில் பிரிக்கிறதா என்பதையும் கடையிலேயே பார்த்துவிட வேண்டும். அவசரத்தில் வாசிக்கும் கண் காற்புள்ளியைத்தான் நம்புகிறது.

சுருளின் எல்லையையும் சொல்லியாக வேண்டும். பொய் ரசீதை அது மெய்யாக்காது. ரசீதே போடாமல் நடந்த விற்பனை அதற்குத் தெரியாது. எரிச்சலில் கிழித்துப் போட்டால் தடயமும் போயிற்று. எழுதியதைச் சரியாகக் கூட்டினோம் என்பதற்கு மட்டுமே அது சாட்சி. திரையில் நூற்றுக்கு மேற்பட்ட படிகளைத் திருப்பிப் பார்க்கும் வசதியுள்ள சாதாரணக் கால்குலேட்டர்களும், கணக்கு வரலாற்றைக் காட்டும் கைப்பேசிச் செயலிகளும் இப்போது உண்டு என்பது உண்மைதான். தனியாகக் கணக்குப் பார்ப்பவருக்கு அவை போதும். இன்னொருவர் சரிபார்க்க வேண்டிய இடத்தில், ரசீதுக் கட்டோடு சேர்ந்து கைமாற வேண்டிய இடத்தில், அவை போதாது. கணக்குப் பார்த்தால் பிணக்கு வரும் என்பார்கள். இரண்டு பேர் பங்கு போட்டு நடத்தும் கடையிலும், உறுப்பினர் பணத்தைக் கையாளும் கூட்டுறவுச் சங்கத்திலும், கோயில் உண்டியல் எண்ணும் இடத்திலும் பிணக்கைத் தீர்க்க இருவரும் ஒரே காகிதத்தைக் குனிந்து பார்க்க முடிவது பெரிய விஷயம்.

ஆகவே டேலியை விட்டுவிடச் சொல்லவில்லை. நாளின் ரசீதுக் கட்டைப் பிரிண்டிங் கால்குலேட்டரில் ஒருமுறை கூட்டி, பிறகு மென்பொருளில் ஏற்றி, இரண்டு மொத்தமும் ஒன்றுதானா என்று பார்க்க வேண்டும். தேதி அச்சிட்ட சுருளில் கூட்டியவர் கையெழுத்துப் போட்டுக் கட்டோடு குத்தி வைக்க வேண்டும். வணிகர் சங்கங்கள் இதைத் தங்கள் உறுப்பினர்களுக்குச் சொல்லலாம். மேல்நிலைப் பள்ளிகளில் கணக்குப்பதிவியல் நடத்தும் ஆசிரியர்கள், பிழைத் திருத்தப் பாடம் வரும்போது ஒரு கருவியை வகுப்புக்குக் கொண்டுவந்து மாணவர்களைக் கூட்டச் சொல்லலாம். ஆடிட்டர்கள் தங்களிடம் வரும் சிறு வணிகர்களிடம், அடுத்த மாதக் கணக்கைக் கொண்டுவரும்போது சுருளையும் சேர்த்துக் கொண்டுவரச் சொல்ல வேண்டும்.